முகமூடி முதலில் யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கார்த்திகை பிறந்தால் மலேசியாவில் எங்கள் வட்டாரத் தோட்டங்களிலிருந்து மாலை போட்டவர்கள் கூட்டமாகச் சபரிமலைக்குக் கிளம்புவார்கள். பலருக்கு அதுதான் முதல் விமானப் பயணம். விரதம், இருமுடி பற்றிக் குருசாமி சொல்லிக்கொடுக்கிறார். விசா, பெட்டி எடை பற்றி ஏஜெண்டு சொல்கிறார். ஆக்சிஜன் முகமூடி பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. விமானப் பணிப்பெண் செய்து காட்டும் நேரத்தில் நம் ஆட்கள் வீட்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

35,000 அடி உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் தரைமட்டத்தில் உள்ளதில் கால்வாசிதான். அதனால் கேபினுக்குள் காற்றை அழுத்தி அடைக்கிறார்கள். உள்ளே இருப்பவருக்கு அதிகம் போனால் 8,000 அடி மலைமேல் இருப்பது போலத்தான்; கேமரன் மலையின் பிரிஞ்சாங் உச்சியைவிடக் கொஞ்சம் உயரம். அந்த அழுத்தம் குறைந்து, 14,000 அடி மலைமேல் இருப்பது போன்ற நிலையை எட்டினால் முகமூடிகள் தானாக விழும்.

35,000 அடியில் அழுத்தம் சட்டென்று போய்விட்டால், சுயநினைவோடு கைகால் அசைக்க அதிகம் போனால் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான் கிடைக்கும்; அதைவிடக் குறையவும் கூடும். வலி தெரியாது. சிலருக்குக் காரணமில்லாமல் குஷியாகக்கூட இருக்குமாம்! பேரனோடு போகும் பாட்டி அவனுக்குத்தான் முதலில் மாட்டுவார், சோற்றிலேயே அப்படித்தானே. ஆனால் அவன் முரண்டு பிடிப்பதற்குள் பாட்டி மயங்கிவிட்டால் இரண்டு பேருக்கும் உதவ ஆளில்லை. முதலில் தனக்கு மாட்டிக்கொண்டால், பேரன் மயங்கினாலும் மாட்டிவிட்டு மீட்டுவிடலாம்.

முகமூடியை இழுத்தால்தான் ஆக்சிஜன் வரும். முகமூடியோடு இருக்கும் பை உப்பவில்லை என்று கழற்றக் கூடாது, உப்பாமலும் வரும். சுமார் 12 நிமிடமே வரும் என்றாலும், அதற்குள் விமானி, முகமூடி இல்லாமலே மூச்சுவிடக்கூடிய 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். அந்த வேகமான இறக்கத்தைப் பார்த்து, விழப்போகிறோம் என்று அலற வேண்டாம்.

விமானிகளே ஏமாந்ததும் உண்டு. 2005 ஆகஸ்டு 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஹீலியோஸ் விமானத்தில் அழுத்தச் சுவிட்சு, பராமரிப்புக்குப் பிறகு 'மேனுவல்' (கையால் இயக்கும்) நிலையிலேயே விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒலியை வேறு கோளாறு என்று நினைத்துவிட்டார்கள். விமானிகள் மயங்கிவிட, எரிபொருள் தீரும்வரை விமானம் தானாகவே பறந்து, பிறகு விழுந்தது. 121 பேரும் இறந்தார்கள்.

ஐயா, இந்தக் கார்த்திகைக்கு முன் உங்கள் ஞாயிறு பதிப்பில் இதைப் படத்தோடு எளிய தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். ஏஜெண்டுகளும் அதை நகலெடுத்து டிக்கெட்டோடு சேர்த்துக் கொடுக்கலாம், பெரிய செலவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சுங்கை சிப்புட், பேராக்