விளக்கிலிருந்து தொடங்கு

அன்புள்ள முரளிக்கு,

உன் கடிதமும் போட்டோக்களும் கிடைத்தன. புது வேலை ஒத்துப்போகிறது என்று எழுதியிருந்தாய், படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். இவளுக்கு முழங்கால் வலி நன்றாகக் குறைந்திருக்கிறது, காலை நடையை மறுபடி ஆரம்பித்துவிட்டாள். சின்னவனுக்குக் குரல் உடைந்துவிட்டது. போனில் அவன் பேசினால் நான்தான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

வீட்டை என்ன செய்யலாம் என்று கேட்டுவிட்டு, கூடவே "ஒண்டிக்கட்டைக்கு எதுக்குடா இதெல்லாம்" என்றும் எழுதியிருக்கிறாய். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ராத்திரி கதவைத் திறந்தால் "வா" என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அப்போது அந்த அறைதானே உன்னை வரவேற்க வேண்டும்? இன்னொருவர் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதே. இப்போது அங்கே வாழ்வது நீ. பிரிக்காமல் சுவரோரம் அடுக்கி வைத்திருக்கிறாயே, அந்த அட்டைப்பெட்டிகளை முதலில் பிரி. அவை அப்படியே நிற்கும்வரை நாளைக்கே கிளம்பப் போகிறவன் மாதிரிதான் உனக்குத் தோன்றும்.

அப்புறம், எதுவும் வாங்குவதற்கு முன்னால் விளக்கைக் கவனி. போட்டோவில் பார்த்தேன், கூடத்துக்கு உச்சியில் ஒரே ஒரு வெள்ளை விளக்குதான். அந்த ஒன்று எல்லா மூலைக்கும் ஒரே மாதிரி வெளிச்சத்தைக் கொட்டுவதால் அறையே தட்டையாகத் தெரிகிறது. நீ சொல்லும் "ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்பதற்குக் காரணம் சுவரின் நிறம் இல்லை, இதுதான். பல்பு அட்டையில் கெல்வின் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, 2700 முதல் 3000 வரை என்றால் இளமஞ்சள். சாயங்காலம் உட்காரும் இடத்துக்கு இந்த இளமஞ்சள்தான் சரி. சோபா பக்கத்தில் உயரமான ஸ்டாண்டு விளக்கு ஒன்று, படிக்கிற இடத்தில் மேசை விளக்கு ஒன்று, டிவிக்குப் பின்னால் மங்கலாக ஒன்று. மேலே எரிவதை அணைத்துவிட்டு இந்த மூன்றை மட்டும் போட்டுப் பார். வெளிச்சத்தை அளக்கும் அலகு லூமென்; பழைய 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சம் சுமார் 800 லூமென். எல்இடி வாங்கும்போது வாட்டைப் பார்க்காமல் லூமெனைப் பார்த்து வாங்கு. ஒரே அறையில் ஒன்று நீலமாகவும் இன்னொன்று மஞ்சளாகவும் எரிந்தால் கண்ணை உறுத்தும், அதனால் எல்லாம் ஒரே கெல்வினில் இருக்கட்டும்.

அடுத்தது உன் படுக்கை அறையில் இருக்கும் அந்த நாற்காலி. துணி மலையாகக் குவிந்து கிடக்கிறதே, அது. உன்னைச் சோம்பேறி என்று சொல்ல வரவில்லை. அதில் கிடப்பதெல்லாம் ஒரு தடவை போட்ட பேன்ட், சட்டை. துவைக்கப் போடும் அளவுக்கு அழுக்கில்லை, துவைத்து மடித்ததோடு அலமாரியில் வைக்கவும் மனம் வராது. அந்த ரகத் துணிக்கு வீட்டில் இடமே இல்லாததால்தான் நாற்காலிக்குப் போகிறது. கதவுக்குப் பின்னால் வரிசையாக நாலைந்து கொக்கி மாட்டு, பக்கத்திலேயே அழுக்குத் துணிக்கு ஒரு கூடை வை. நாற்காலி தானாகக் காலியாகிவிடும். எந்தப் பொருள் சதா கீழே கிடந்தாலும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்: இதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறோமா? சாவி, சார்ஜர், வாசலில் கழற்றும் செருப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சோபா பெரிதாக வாங்க ஆசைப்படுகிறாய். வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடைக்கூடம் பெரியது, அங்கே எல்லாமே சின்னதாகத்தான் தெரியும். அதன் நீள அகலத்துக்குப் பழைய செய்தித்தாளைத் தரையில் விரித்து ஒட்டிவிட்டு, இரண்டு நாள் அதைச் சுற்றியே நடந்து பழகிப் பார். நடக்கிற வழிக்குக் குறைந்தது 60 செ.மீ. விடவேண்டும், 80 கிடைத்தால் தாராளம். சோபாவுக்கும் முன்னால் போடும் சின்ன மேசைக்கும் இடையே 40, 45 செ.மீ. போதும்: கையும் எட்டும், காலும் இடிக்காது. வாசல் கதவு, மாடிப்படித் திருப்பம் இரண்டையும் அளந்துகொள். வாங்கிய சோபா உள்ளே நுழையாமல் நிற்பதைப் போல எரிச்சல் வேறில்லை. எல்லாவற்றையும் டிவி பார்த்தே திருப்பி வைக்காமல், எதிர்ப்பக்கமாக இன்னொரு நாற்காலியையும் போடு. நண்பன் ஒருவன் வந்தால் முகம் பார்த்துப் பேச வேண்டாமா?

பேசினால் எதிரொலிக்கிறது என்று எழுதியிருந்தாய். வெறும் தரை, வெறும் சுவர், கண்ணாடி மூன்றும் சேர்ந்தால் ஒலி பட்டுத் திரும்பும். துணிதான் அதைக் குடிக்கும். கனமான திரைச்சீலையும் ஒரு தரைவிரிப்பும் போட்டாலே நன்றாகக் குறைந்துவிடும். விரிப்பு சோபாவின் முன்கால்கள் அதன்மேல் ஏறும் அளவுக்காவது பெரிதாக இருக்கட்டும், நடுவில் துண்டு மாதிரி கிடந்தால் அறை இன்னும் சின்னதாகத் தெரியும். திரைச்சீலைக் கம்பியை ஜன்னல் சட்டத்துக்கு மேல் 10, 15 செ.மீ. ஏற்றியும், இரு பக்கமும் கொஞ்சம் நீட்டியும் மாட்டி, துணியைத் தரைவரை விடு. அதே ஜன்னல்தான், பெரிதாகத் தெரியும்.

படம் மாட்டும்போது பெரும்பாலும் உயரத்தில் மாட்டிவிடுகிறோம். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145, 150 செ.மீ.யில் வந்தால் கண்ணுக்கு நேராக இருக்கும். விலைக்கு வாங்கிய படம்தான் வேண்டும் என்பதில்லை. நாம் காலேஜில் எடுத்துக்கொண்ட அந்தக் கறுப்பு வெள்ளை போட்டோவைப் பெரிதாக்கி மாட்டலாமே. சுவரில் ஓட்டை போடலாமா, வண்ணம் அடிக்கலாமா என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் முதலில் கேட்டுக்கொள். வண்ணத்தைக் கடை அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதே. பெரிய அட்டை ஒன்றில் இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, பகலில் ஜன்னலோரமும் ராத்திரி புது விளக்கிலும் வைத்துப் பார்த்துச் சொல்.

செடி வைக்க நினைப்பது நல்ல யோசனை. ஸ்னேக் பிளான்ட்டும் மணி பிளான்ட்டும் குறைந்த வெளிச்சத்திலும் பிழைக்கும். இவை பெரும்பாலும் சாவது தண்ணீர் அதிகமாகித்தான். மண்ணில் விரலை விட்டுப் பார், உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. ஆனால் பூனை வளர்க்கப் போவதாகச் சொன்னாயே, அது உறுதி என்றால் இந்த இரண்டுமே வேண்டாம். கடித்தால் பூனைக்கு ஆகாது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் முடிக்க அவசரப்படாதே. விளக்கும் கொக்கிகளும் இந்த வாரம், மற்றவை மெதுவாக. கூடத்தின் நீள அகலம், ஜன்னல் அகலம், பிளக் பாயின்ட் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து அனுப்பு. எதை எங்கே போடலாம் என்று நான் வரைந்து அனுப்புகிறேன். அதுவரை சோபாவுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
சேகர்