சிதைப்பவர்களுக்கு ஒரு வரி போதாது: பாடநூல் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். சூழல் மண்டலப் பாடத்தைத் திருத்தச் சொல்லி ஆசிரியர்கள் பலர் எழுதியது உங்கள் கோப்பில் இருக்கும். இப்போது என்னை எழுத வைத்தது ஒரு விடைத்தாள்.

"சூழல் மண்டலம் இயங்கும் விதத்தைப் படத்துடன் விளக்குக" என்பது கேள்வி. என் மாணவி புல், வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, பருந்து என்று வரைந்தாள். அதோடு விடவில்லை. ஒவ்வொன்றிலிருந்தும் கீழ்நோக்கி அம்புக்குறி இழுத்து, பூஞ்சை, பாக்டீரியா, மண்புழு என்று எழுதி, அங்கிருந்து மண் வழியாகப் புல்லுக்கே ஓர் அம்புக்குறியைக் கொண்டுவந்து சேர்த்திருந்தாள். விடைக்குறிப்பில் அந்த அம்புக்குறிகள் இல்லை. சிவப்பு மையில் அடித்து, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். திருத்தியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்தது நீங்கள் கொடுத்த குறிப்பு.

இறந்ததையும் உதிர்ந்ததையும் மட்கவைத்து மண்ணில் சேர்க்கும் இந்த உயிர்கள்தான் சிதைப்பவர்கள். உங்கள் பாடத்தில் அவர்களுக்கு ஒரே வரி. காட்டில் விளையும் தழையில் பெரும்பகுதி எந்த விலங்கின் வாய்க்கும் போவதில்லை, உதிர்ந்து மண்ணில்தான் விழுகிறது. ஆற்றல், உணவுச் சங்கிலியில் படிக்குப் படி ஏறத்தாழ 10 விழுக்காடே மேலே போய், கடைசியில் வெப்பமாகக் கலைந்துவிடும். செடிக்கு வேண்டிய சத்துகளான நைட்ரஜனும் பாஸ்பரசும் அப்படியல்ல, மண்ணுக்குத் திரும்பி வந்தாக வேண்டும். திருப்பித் தருகிறவர்களை விட்டுவிட்டு எதைச் சொல்லித்தருகிறோம்?

ஆஸ்திரேலியாவில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 1788இல் அங்கே மாடுகள் போய் இறங்கின. உள்ளூர்ச் சாண வண்டுகளில் பெரும்பாலானவை கங்காருவின் காய்ந்த புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச் சாணத்தை அவற்றால் சமாளிக்க முடியவில்லை. சாணம் மட்காமல் மேய்ச்சல் நிலத்தை மூடிக் கிடந்தது, ஈக்கள் பெருகின. 1960களில் வெளிநாட்டு வண்டுகளைக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? ஆனால் நாமோ சிங்கத்துக்கும் புலிக்கும் முழுப்பக்கப் படம் போடுகிறோம். கேள்வி கேட்கும் பிள்ளையை விட மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கே எல்லாப் பாடத்திலும் மதிப்பெண் என்றாகிவிட்டது.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். கேட்பது இதுதான்: அடுத்த பதிப்பில் சிதைப்பவர்களுக்குத் தனிப் பகுதி கொடுங்கள். அதுவரை காத்திராமல், மண்ணுக்குப் போய்த் திரும்பும் அம்புக்குறியைச் சரியான விடையாக ஏற்கும்படி திருத்துவோருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அந்த மாணவியின் விடைத்தாளையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை