ஞாயிறு காலை கோழிகளுக்குத் தடுப்பூசி

எல்லாருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு காலை 6:30 மணிக்கு ஊருணிக்கரை வேப்பமரத்தடியில் நம் தெருக் கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட்) நோய்த் தடுப்பூசி.

1. சனி ராத்திரியே கோழிகளைப் பஞ்சாரத்தில் (கோழி அடைக்கும் கூடையில்) கவிழ்த்துவிடுங்கள். விடிந்தபின் ஓட்டுமேல் ஏறிய சேவலை யாரும் பிடிக்க முடியாது. போன தடவை எங்கள் வீட்டில் அதற்கே ஒரு மணி நேரம் போனது.

2. எட்டு வாரம் தாண்டியதற்கு இறக்கைக்கடியில் ஊசி. ஒரு வாரக் குஞ்சுக்குக் கண்ணில் சொட்டு மருந்து. குஞ்சுகளைத் தனிக்கூடையில் கொண்டு வாருங்கள்.

3. தூங்கி வழிகிற, பச்சையாகக் கழிகிற கோழி வேண்டாம். தனியே அடைத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். செத்துப்போனால் கண்மாயில் வீசாதீர்கள், ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

4. கரைத்த மருந்து இரண்டு மணி நேரம்தான் தாங்கும். தாமதமாக வந்தால் காத்திருக்க மாட்டோம்.

அப்புறம், பின்கட்டுப் பக்கம் கீரி நடமாட்டம். கூண்டுக் கதவில் இரண்டு விரல் இடுக்கு இருந்தாலும் அடைத்துவிடுங்கள்.

பெரியது எத்தனை, குஞ்சு எத்தனை என்று வெள்ளி இரவு 8 மணிக்குள் இங்கே போடுங்கள். ஒரு குப்பி 100 கோழிக்கு வரும், அதற்குத்தான் கணக்கு. வெறும் கட்டைவிரல் மட்டும் போடாதீர்கள்!