தியாமை வீழ்த்தியது 1961ஆம் ஆண்டுச் சட்டம்

ஆசிரியருக்கு,

மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டின் அரசியல்வாதி டிட்ஜான் தியாம், 2025 அதிபர் தேர்தலில் போட்டியிடும் தகுதியை 'இரட்டைக் குடியுரிமையால்' இழந்தார் என்றே பலரும் எழுதுகிறார்கள். சிக்கல் அதைவிட ஆழமானது. பிரிட்டனின் ப்ருடென்ஷியல் காப்பீட்டு நிறுவனத்தையும், 2015 முதல் 2020 வரை கிரெடிட் சூயிஸ் வங்கியையும் நடத்தியவர் அவர். 1999 ராணுவப் புரட்சிக்கு முன்பு சொந்த நாட்டில் அமைச்சராகவும் இருந்தவர். 2023 டிசம்பரில் பிடிசிஐ என்ற எதிர்க்கட்சியின் தலைவரானார்.

அதிபர் வேட்பாளருக்கு ஐவரி கோஸ்ட் குடியுரிமை மட்டுமே இருக்க வேண்டும். அதற்காக 2025 மார்ச்சில் பிரெஞ்சுக் குடியுரிமையைத் துறந்தார். ஆனால் அபிஜான் நீதிமன்றம் கையில் எடுத்தது 1961 குடியுரிமைச் சட்டத்தின் 48ஆவது பிரிவை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெறுபவர் ஐவரி கோஸ்ட் குடியுரிமையை இழப்பார் என்கிறது அது. 1987இல் பிரெஞ்சுக் குடிமகனானபோதே அவர் அதை இழந்துவிட்டார். ஆகவே 2022இல் வாக்காளராகப் பதிந்ததே செல்லாது என்று 2025 ஏப்ரல் 22 அன்று வாக்காளர் பட்டியலிலிருந்து பெயரை நீக்கியது. மேல்முறையீட்டுக்கு வழியில்லை. தேர்தலுக்கு முன் பட்டியல் திருத்தமும் இல்லை என்று தேர்தல் ஆணையம் சொல்லிவிட்டது. பட்டியலில் பெயர் இல்லாதவர் போட்டியிட முடியாது. மார்ச்சில் துறந்தது பயன்படாமல் போனது இதனால்தான்.

அவரை அமைச்சராக்கியபோது இந்தப் பிரிவு யார் கண்ணிலும் படவில்லையா? அதிபர் உவத்தாராவும் மத்திய வங்கி ஆளுநராக இருந்து அரசியலுக்கு வந்தவர்தான். 2000இல் குடியுரிமைக் கேள்வியாலேயே தேர்தலில் நிற்க விடாமல் தடுக்கப்பட்டவர். வேட்பாளரின் குடியுரிமையை வாக்காளர் பதிவின்போதே விசாரித்து முடிக்க வேண்டும். தேர்தலுக்கு ஆறு மாதம் இருக்கையில் பெயரை அடிப்பது வாக்காளர்களுக்குச் செய்யும் அநீதி.

– வாசகர், திருச்சி