தரம் 12 பெற்றோருக்கு: போர்க்கதைப் பாடம் தொடர்பாக

அன்புடைய பெற்றோருக்கு,

இந்தத் தவணை தரம் 12 கலைப்பிரிவுப் பிள்ளைகள் வியட்நாம் போரைப் பற்றிய சிறுகதைகளை வாசிக்கிறார்கள். வீட்டில் கேள்விகள் எழும் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

இக்கதைகளில் சண்டையைவிடப் படைவீரர்கள் சுமந்து நடந்த சுமையே அதிகம் பேசப்படும். எம்-16 துப்பாக்கி மூன்று கிலோவுக்குச் சற்று மேல். எம்-60 இயந்திரத் துப்பாக்கி ஏறத்தாழப் பத்தரைக் கிலோ; அதன் தோட்டாப் பட்டிகளை மற்றவர்களும் பங்கிட்டுச் சுமந்தார்கள். தண்ணீர் லீற்றருக்கு ஒரு கிலோ. வானொலிக் கருவி பத்துக் கிலோவைத் தாண்டும். அதன் நீண்ட அன்டனா, சுமப்பவரை எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். யார் பின்தங்குவார், யார் முதலில் குறிவைக்கப்படுவார் என்பதையெல்லாம் பாரமே தீர்மானித்தது.

மனப்பாரத்துக்கு அப்போது சரியான பெயர்கூட இல்லை. முதலாம் உலகப் போரில், 1915இல், 'ஷெல் ஷொக்' (குண்டு அதிர்ச்சி) என்ற சொல் மருத்துவ இதழில் வந்தது; அதிர்ச்சிக்குப் பிந்திய மனவடு அமெரிக்க உளமருத்துவக் கையேட்டில் ஏறியது வியட்நாம் போர் முடிந்தபின், 1980இல்தான். அதனால் கதைமாந்தர் அதைக் கைநடுக்கமாகவும் தூக்கமின்மையாகவும் அர்த்தமில்லாத சிரிப்பாகவும் காட்டுகிறார்கள். பிள்ளைகள் இதைத் தவறவிட்டு 'வீரம்', 'தியாகம்' என்று எழுதிப் புள்ளிகளை இழக்கிறார்கள். படைவீரன் எந்தப் பொருளை வழியில் எறிந்தான், எதை எறிய மனம் வரவில்லை, ஏன்? விடையில் நாங்கள் தேடுவது இதை.

வீட்டுப் பயிற்சி: ஒரு பாத்திரம் சுமக்கும் பொருட்களைப் பட்டியலிட்டு, அவற்றுக்கு நிகரான வீட்டுப் பொருட்களைச் சமையலறைத் தராசில் நிறுத்து, பையில் இட்டுப் பத்து நிமிடம் நடப்பது. ஐந்து கிலோவைத் தாண்ட விடாதீர்கள். இரண்டு தோள்பட்டியும் மாட்டியிருக்கட்டும். ஒரு தோளில் தொங்கவிட்டால் முதுகு வலிக்கும்.

1983ஐயும் 2009ஐயும் இன்னும் சுமந்திருப்பவர்கள் நம் வீடுகளில் உண்டு. அம்மம்மாவையோ தாத்தாவையோ இப்பாடத்துக்காகப் பேட்டி காண வேண்டாமென்று பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். அவர்களாகச் சொன்னால் கேட்கட்டும்; எழுதிக்கொண்டு வரத் தேவையில்லை. காணி உறுதி, பழைய படங்கள் எதையும் வகுப்புக்கு அனுப்பாதீர்கள். தொலைந்தால் திரும்பக் கிடைக்காது.

உங்கள் பிள்ளைக்கு இக்கதைகள் வேண்டாமென்று கருதினால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள், வேறு கதை தருவோம். காரணம் கேட்கமாட்டோம். வாசித்தபின் பிள்ளை உறங்காமலோ உண்ணாமலோ இருந்தால் எங்களுக்கு அறிவியுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம்.

இங்ஙனம்,
அதிபர்
கொழும்பு