பரிசுப் படத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மழைக்காட்டுப் புகைப்படப் போட்டியின் முடிவு வந்திருந்தது. மூன்று பரிசுப் படங்கள், எடுத்தவர் பெயர், கேமரா, லென்ஸ், ஷட்டர் வேகம் எல்லாம் போட்டிருந்தீர்கள். முதல் படத்துக்கு ஏன் முதல் பரிசு என்று மட்டும் ஒரு வரிகூட இல்லை. நானும் படம் அனுப்பியிருந்தேன், பரிசு வரவில்லை. அந்தக் கோபத்தில் எழுதுகிறான் என்று நீங்கள் நினைத்தால் பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் 28 வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. அதனால்தான் எனக்குச் சம்பளம் கிடைத்தது. ஆனால் ஓய்வுக்குப் பிறகு கேமராவைத் தூக்கியபோது அந்தப் பாடம் மறந்தே போனது.

ஒரே ஒரு படத்தைச் சொல்கிறேன். ஓடைக்கரையில் பலகை வேர் விட்ட பெரிய மரம். வேர் மடிப்புகளில் பாசி, கீழே பெரணி. நாலு மணி நேரம் நடந்து, அட்டைக்கடி வாங்கி எடுத்த படம். வீட்டில் எல்லோரும் 'சூப்பர்' என்றார்கள். அண்ணன் மகள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் கட்டைவிரலால் திரையின் மேல் இடது மூலையை மறைத்து, "இப்போ பாருங்க சித்தப்பா" என்றாள்.

அங்கே இலை இடுக்கில் காசு அளவுக்கு வெள்ளை வானம் இருந்திருக்கிறது. அதை மறைத்த பிறகுதான் மரமே என் கண்ணில் பட்டது. அடர்ந்த மழைக்காட்டில் உச்சியில் விழும் வெயிலில் 1 அல்லது 2 சதவீதம்தான் தரைக்கு வந்து சேர்கிறது. அந்த இருட்டுக்கு ஏற்றபடி கேமராவை வைத்தால், மேலே தெரியும் துளி வானம் வெந்து வெளுத்துவிடும். பார்க்கிறவர் கண்ணும் நேரே அங்கேதான் ஓடும். மேலே கொஞ்சம் வெட்டினேன். மரத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அடுத்து, வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுப் பளபளத்த ஓர் இலையைக் காட்டி, "இவரு யாரு, எதுக்கு வந்தாரு?" என்று கேட்டாள். அவரும் போனார்.

அதற்கு முன்பு நான் தெரிந்து வைத்திருந்த எடிட்டிங் ஒன்றே ஒன்றுதான்: பச்சையைக் கூட்டுவது. பச்சை கூடினால் காடும் கூடும் என்று நினைப்பு. படம் பிளாஸ்டிக் கொடி மாதிரி ஆனதுதான் மிச்சம். இலைப் பச்சையில் பெரும்பகுதி எடிட்டிங் மென்பொருளின் கணக்கில் மஞ்சளாகத்தான் பதிவாகியிருக்கும் என்பது எனக்குத் தெரியவே ரொம்ப நாள் ஆனது. மஞ்சள் ஸ்லைடரைக் கொஞ்சம் குறைத்ததும் இலைகளின் கூச்சல் அடங்கியது. இலைக்கூட்டத்தின் வழியாக வடிந்து வரும் வெளிச்சத்திலேயே பச்சை ஏறியிருக்கும் என்பதால் மரப்பட்டையும் கல்லும்கூட பச்சை பூசிக்கொண்டு நிற்கும். படத்தின் மொத்த நிறச் சாய்வைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில், பச்சைக்கு எதிரான மெஜெந்தா பக்கம் ஒரு சின்னத் தள்ளு கொடுத்தேன். பட்டையின் பழுப்பு வெளியே வந்தது, பெரணியில் செந்தளிர் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பின்னால் இருந்த மூடுபனியை, மங்கலை நீக்கும் டீஹேஸ் ஸ்லைடர் வைத்து நான் சுத்தமாகத் துடைத்திருந்தேன். அதைத் திரும்பக் கொண்டுவந்ததும் தூரத்து மரங்கள் தூரத்துக்கே போயின.

எல்லாவற்றையும் மேஜையில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. நனைந்த இலையின் வெள்ளைப் பளபளப்பு அப்படி ஒன்று. அதற்காகவே மறுபடி போனேன், தூறல் நாளாகப் பார்த்து. லென்ஸ் முன்னால் மாட்டும் போலரைஸர் கண்ணாடியைத் திருப்பத் திருப்ப இலை மேலிருந்த பளபளப்பு விலகி, அடியில் இருந்த நிறம் எழும்பி வந்தது. முழுக்கத் திருப்பினால் ஓடை நீரின் மினுக்கமும் செத்துவிடுகிறது, அதனால் பாதியில் நிறுத்தினேன். அந்தக் கண்ணாடி ஒன்றரை, இரண்டு ஸ்டாப், அதாவது பாதிக்கும் மேலான வெளிச்சத்தைத் தின்றுவிடும். ஷட்டர் ஒரு நொடி திறந்திருக்க வேண்டி வந்துவிட்டது. டிரைபாட் இருந்து என்ன, பெரணி அசையாமல் இருக்க வேண்டுமே. காற்று நிற்கும்வரை குடையைக் கேமராவுக்குப் பிடித்துக்கொண்டு நான் நனைந்தேன்.

சரி, உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். இரண்டாம் பரிசுப் படத்தின் கீழ்ப்பாதி ஒரே கறுப்புத் திட்டாக அச்சாகியிருந்தது. திரையில் அங்கே வேரும் சருகும் இருந்திருக்கும் என்று அடித்துச் சொல்வேன். செய்தித்தாளில் மை ஊறிப் பரவும், நிழலில் உள்ள புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். காட்டுப் படத்தில் பாதிக்குமேல் நிழல்தான். அச்சுக்கு அனுப்பும் முன்பு நிழலைக் கொஞ்சம் தூக்கிவிடச் சொல்லுங்கள், எடுத்தவர் பாவம்.

எடிட் செய்தாலே பொய் என்று போன மாதம் ஒரு வாசகர் இதே பகுதியில் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-ல் எடுத்த நிலவுதயப் படத்தைப் பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்பப் பிரிண்ட் போட்டார். பிற்காலப் பிரிண்டுகளில் வானம் ஏறக்குறைய கறுப்பாகவே ஆகிவிட்டது. ஒரு இடத்தை இருட்டாக்குவதும் ஓரத்தை வெட்டுவதும் வேறு, காட்டில் இல்லாததைக் கொண்டுவந்து ஒட்டுவது வேறு. உங்கள் மூன்றாம் பரிசுப் படத்தில் மரங்களுக்கு நடுவே விழும் ஒளிக்கற்றை நிஜமாகவே இருந்திருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அதை வைத்து அரை மணி நேரம் சண்டை. வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில் இறுதிச் சுற்றுக்கு வருபவர்களிடம் மூலக் கோப்பை வாங்கிப் பார்த்துவிடுகிறார்கள். நீங்களும் கேட்டு வாங்கினால், வென்றவர்மீது யாரும் சந்தேகப்பட வேண்டியிருக்காது.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த முறை ஒவ்வொரு பரிசுப் படத்துக்கும் கீழே நடுவர்கள் இரண்டு வரி எழுதட்டும். 'அருமையான ஒளி' என்று வேண்டாம். கண் எங்கே போய் நிற்கிறது, எது உறுத்துகிறது என்று எழுதட்டும். பரிசு பெறாத படம் ஒன்றையும் எடுத்தவர் சம்மதத்தோடு போட்டு, கேமராவில் பதிவானது ஒரு பக்கம், திருத்தியது மறுபக்கம் என்று காட்டலாம். கால் பக்கம் போதும். கேமரா மாடலுக்குக் கொடுக்கும் இடத்தைக் குறைத்தாலே அதில் பாதி கிடைத்துவிடும்.

யாரும் சம்மதிக்காவிட்டால் என் படத்தையே போடுங்கள். நடுவர்கள் என்ன சொன்னாலும் அப்படியே அச்சிடலாம். நான் அனுப்பியது தூறலில் எடுத்த அந்த இரண்டாவது படம். இடப்பக்கப் பாறைக்கு மேலே ஏதோ ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது, என்னவென்று பிடிபடவில்லை. அண்ணன் மகளும் இப்போது ஊரில் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்