இமயத் திருத்தலங்களுக்குப் புறப்படுமுன் உயரத்தைக் கணக்கிடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

மகா சிவராத்திரி நெருங்குவதால், ஹட்டன், தலவாக்கலை, பதுளைப் பகுதிக் கோயில்களின் அறிவித்தல் பலகைகளில் கேதார்நாத், பத்ரிநாத், முக்திநாத் யாத்திரைகளுக்கான துண்டுப்பிரசுரங்கள் மீண்டும் ஒட்டப்படத் தொடங்கியுள்ளன. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரத்தையும், ஆழ்வார்கள் மங்களாசாசனம் செய்த பதரிகாசிரமத்தையும் சாளக்கிராமத்தையும் ஒருமுறையாவது கண்ணாரக் காண வேண்டும் என்று, தோட்டத்தில் உழைத்து ஓய்வுபெற்று ஊழியர் சேமலாப நிதிப் பணத்தைக் கையில் வாங்கியவர்கள் நினைப்பது மிகவும் நியாயமான ஆசை. அந்த ஆசை நல்லபடியாக நிறைவேற வேண்டும் என்பதற்காகவே, அப்பிரசுரங்களில் நான் எங்கும் காணாத ஒரு தகவலைக் குறித்து எழுதுகிறேன். யாத்திரிகர்கள் ஒவ்வோர் இரவும் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீற்றர் உயரத்தில் உறங்கப்போகிறார்கள் என்பதே அது.

"நாங்கள் மலையில் பிறந்து வளர்ந்தவர்கள், எங்களுக்கு இமயம் என்ன புதிதா?" என்று நம்மவர்கள் சொல்வதை அடிக்கடி கேட்கிறேன். குளிரையும் ஏற்றத்தையும் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்திலும், சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரத்திலும், இந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பிதுருதலாகல 2,524 மீற்றர் உயரத்திலும் உள்ளன. கேதார்நாத் ஆலயமோ 3,583 மீற்றர் உயரத்தில் உள்ளது. உயர மலை நோய் பொதுவாக 2,500 மீற்றருக்கு மேல்தான் தொடங்குகிறது என்று மருத்துவம் கூறுவதால், நம் நாட்டில் எந்த மலையில் ஏறி இறங்கியும் அந்நோயை நாம் அறிந்திருக்க வழியில்லை. மேலும், சிவனொளிபாதமலையின் அடிவாரமான நல்லதண்ணியிலிருந்து இரவில் ஏறி, உதயம் கண்டு, மதியத்துக்குள் இறங்கிவிடும் நாம், சிகரத்தில் படுத்து உறங்குவதுமில்லை. கேதாரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் உடலுக்குக் கிடைக்கும் ஒட்சிசன் அந்த அளவுக்குக் குறைகிறது. கொழுந்துக் கூடையைச் சுமந்து மேடேறிப் பழகிய கால்களால் அக்குறையை ஈடுசெய்ய முடியாது.

அண்மையில் அயலவர் ஒருவர் என்னிடம் காட்டிய பயண நிகழ்ச்சிநிரலில், முதல் நாள் சென்னை வழியாக டில்லி, இரண்டாம் நாள் ஹரித்வார், மூன்றாம் நாள் குப்தகாசி, நான்காம் நாள் காலையில் ஹெலிகொப்டரில் கேதார்நாத் சென்று அன்றிரவு அங்கேயே தங்கல் என்று அச்சிடப்பட்டிருந்தது. ஹரித்வாரின் உயரம் 300 மீற்றர் அளவே; குப்தகாசி சுமார் 1,300 மீற்றர். அறுபது வயதைத் தாண்டிய ஒருவரை இரண்டே நாட்களில் 3,000 மீற்றருக்கு மேல் உயர்த்தி, அங்கேயே இரவைக் கழிக்கச் சொல்லும் நிரல் அது. முழங்கால் நோவுள்ளவர்களுக்கு ஹெலிகொப்டர் பேருதவி என்பதை நான் மறுக்கவில்லை. கௌரிகுண்டிலிருந்து ஏறவேண்டிய சுமார் 16 கிலோமீற்றர் நடையை அது மிச்சப்படுத்துகிறது. எனினும், நடந்து செல்பவரின் உடலுக்குக் கிடைக்கும் சில மணிநேர அவகாசம்கூட அதில் செல்பவருக்குக் கிடைப்பதில்லை. மேகம் இறங்கினால் பறப்பு நிறுத்தப்படும். 2025 ஜூன் 15ஆம் திகதி கௌரிகுண்ட் அருகே நிகழ்ந்த விபத்தில் ஏழு பேர் உயிரிழந்ததையும் நாம் மறந்துவிடக் கூடாது. ஒரு நாளையேனும் உபரியாக வைக்காத நிரலை நம்பி எவரும் முற்பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நம் முன்னோர் இந்தத் தலங்களுக்கு ஹரித்வாரிலிருந்து வாரக்கணக்கில் நடந்தே சென்றார்கள். அந்த மெதுவான நடையில் அவர்களுடைய உடல் தானாகவே உயரத்துக்குப் பழகிக்கொண்டது. இன்று வீதியும் வாகனமும் அந்த நாட்களை விழுங்கிவிட்டதால், அவற்றை நாமே திட்டமிட்டு மீட்டெடுக்க வேண்டியுள்ளது. 3,000 மீற்றருக்கு மேல் செல்லும்போது, உறங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளில் 500 மீற்றருக்கு மேல் கூட்டாதிருப்பதும், மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுப்பதும் மலை மருத்துவத்தின் பொது விதி. கேதாரப் பாதையில் இதை எழுத்துக்கு எழுத்துக் கடைப்பிடிப்பது கடினம் என்றாலும், அதை நெருங்கிச் செல்ல வழி உண்டு. நான்கு தாமங்களுக்கும் செல்பவர்கள் மரபுப்படி யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதார்நாத், பத்ரிநாத் என்ற வரிசையில் செல்வதும், கங்கோத்ரி செல்லும்போது 2,500 மீற்றரைத் தாண்டிய ஹர்சிலில் இரண்டு இரவுகள் தங்குவதும் நல்லது. கேதாரமும் பத்ரியும் மட்டும் காணச் செல்பவர்கள், குப்தகாசியிலிருந்து நேரே ஏறாமல், ஊகிமட்டுக்கு அப்பால், ஏறத்தாழ ஹர்சிலின் உயரத்தில் உள்ள சோப்தாவில் முன்கூட்டியே தங்கலாம். தரிசனம் முடிந்தவுடன் இறங்கிவிட முடிந்தால் இறங்கிவிடுவதே முதியவர்களுக்கு உகந்தது.

நோயின் அடையாளங்களைக் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். மேலே சென்ற ஆறு முதல் பன்னிரண்டு மணிநேரத்துக்குள் தலைவலியும், அதனுடன் குமட்டல், பசியின்மை, தலைச்சுற்றல், உறக்கமின்மை ஆகியவையும் தோன்றும். நான் சென்ற குழுவில் ஓர் அம்மா, கேதாரத்தில் மாலை கொடுத்த ரொட்டியைத் தொடாமல், இரு கைகளாலும் தலையைப் பிடித்தபடி சுவரோரம் அமர்ந்திருந்தார். மருமகள் நெற்றியில் சித்தாலேப தைலம் தடவிக்கொண்டே, "பஸ்ஸில வந்த களைப்புதான் மாமி, ஒரு நித்திரை போட்டா சரியாயிரும்" என்றார். நள்ளிரவில் அந்த அம்மா வெளியே செல்ல எழுந்தபோது, நேராக இரண்டு அடி எடுத்துவைக்க முடியாமல் கதவு நிலையைப் பற்றிக்கொண்டார். அங்கிருந்த மருத்துவ முகாமில் ஒட்சிசன் கொடுத்து, விடிந்தவுடன் டோலியில் இறக்கினோம். கீழே வந்து சேர்ந்த பிறகு அவரே பிளேன்டீ கேட்டு வாங்கிக் குடித்தார். நடை தள்ளாடுவதும், பேச்சுக் குழம்புவதும், அமர்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதும் உயிராபத்தின் அறிகுறிகள். அவற்றுக்கு முதல் மருந்து இறங்குவதுதான். ஒட்சிசனும் மாத்திரையும் இறங்கும் வரை உதவும் துணைகளே.

2022ஆம் ஆண்டுப் பருவத்தில் நான்கு தாமங்களின் வழியில் இருநூறுக்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் உயிரிழந்தனர். அவற்றுள் பெரும்பாலானவை மாரடைப்பால் நேர்ந்தவை. ஆகவே, முற்பணம் கட்டுவதற்கு முன்பே வைத்தியரைக் காண்பது அவசியம். ஈசிஜி பரிசோதனையுடன், நம் தோட்டப் பெண்கள் இரத்தப் பரிசோதனையையும் தவறாது செய்துகொள்ள வேண்டும். இரத்தச்சோகை நம்மிடையே பரவலாக உள்ளது. ஒட்சிசனைச் சுமக்கும் ஹீமோகுளோபினே குறைவாக இருப்பவருக்கு, ஒட்சிசன் குறைந்த இடம் இரட்டைச் சுமையாகிவிடும். உயர நோயைத் தடுக்க உதவும் அசெற்றசோலமைட் மாத்திரையை வைத்தியரிடம் கேட்காமல் எவரும் வாங்கி விழுங்கக் கூடாது. சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் இதை அவரிடம் சொல்லியே ஆகவேண்டும். தரிசன நாளன்று நீர்கூட அருந்தாமல் விரதம் இருப்பதையும், கேதாரத்தின் குளிரில் ஈரத் துணியுடன் நிற்பதையும் முதியவர்கள் தவிர்க்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

போகக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டால், அதைத் தங்கள் பக்திக்கு நேர்ந்த குறையாக எண்ணி மனம் உடைந்து போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கயிலையை நோக்கிச் சென்ற அப்பர் பெருமான், கால்கள் தேய்ந்து, கைகளால் ஊர்ந்து, உடல் நைந்து கிடந்தபோது, இறைவன் அவரை மேலே நடத்திச் செல்லவில்லை; பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்து, அங்கேயே கயிலைக் காட்சியைக் கொடுத்தார். திருக்கேதாரத்தைப் பாடிய அதே சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் நமது மன்னாரிலேயே இருக்கிறது. பெற்றோரைத் தடுக்க வேண்டிய நிலையில் உள்ள பிள்ளைகள், வெறுமனே தடுக்காமல் அங்கே அழைத்துச் செல்லலாம்.

காலத்தைத் தெரிவுசெய்வதிலும் அவசரம் ஆகாது. கேதார்நாத் நடைதிறக்கும் நாள் ஆண்டுதோறும் மகா சிவராத்திரியன்று ஊகிமட்டில் அறிவிக்கப்படுகிறது. நடை பெரும்பாலும் ஏப்ரல் இறுதியிலோ மே தொடக்கத்திலோ திறக்கிறது. இடைப்பட்ட இந்த இரண்டு மாதங்களும் பரிசோதனைக்கும் நடைப்பயிற்சிக்கும் போதுமானவை. ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலத்தில் குறைந்த கட்டணம் என்று யார் அழைத்தாலும் செல்ல வேண்டாம். 2013 ஜூன் மாதம் கேதாரத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோன வெள்ளத்தையும், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தை மண்சரிவில் நாம் இழந்தவர்களையும் நினைத்தால், ஈர மலை என்ன செய்யும் என்பதை நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உத்தரகாண்ட் அரசின் யாத்திரைப் பதிவு கட்டாயமானது. அதை முகவர் செய்துவிட்டாரா என்பதை ஒவ்வொருவரும் தம் பெயரைக் கண்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். பயணக் காப்புறுதி எத்தனை மீற்றர் உயரம் வரை செல்லுபடியாகும் என்பதையும் கேட்டறிய வேண்டும். நேபாளம் வழியாகக் கயிலை வலம் செல்ல எண்ணுபவர்கள், தோல்மா கணவாய் 5,600 மீற்றருக்கும் மேற்பட்டது என்பதை அறிந்து, மேற்சொன்ன அனைத்தையும் இன்னும் கடுமையாகக் கடைப்பிடிக்க வேண்டும்.

பயண முகவர்கள் தங்கள் பிரசுரங்களில் ஒவ்வோர் இரவுத் தங்கலுக்கும் எதிரே அதன் உயரத்தை மீற்றரில் அச்சிட வேண்டும் என்றும், அவ்விவரம் இல்லாத பிரசுரங்களைக் கோயில் பலகைகளில் ஒட்ட ஆலய பரிபாலன சபைகள் அனுமதிக்கக் கூடாது என்றும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். சிவராத்திரிக்குப் பின் வரும் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், யாத்திரைக்குப் பெயர் கொடுத்தவர்களையும் அவர்களுடைய பிள்ளைகளையும் கோயில் மண்டபத்தில் கூட்டி, தோட்ட வைத்தியரைக் கொண்டு ஒரு மணிநேரம் விளக்கமளிக்கச் செய்தால் பெரும் நன்மை விளையும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
பொகவந்தலாவை.